எழுவான்கரை மணலில் எரிபொருள் கசிந்தால்: இறைப்பதா, தோண்டுவதா, காற்றூட்டுவதா, காத்திருப்பதா?

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையின் ஒரு மணல் ஊரில், கோடை உச்சத்தில் இருந்த ஒரு நாள், வயதான அம்மா ஒருவர் தம் கிணற்றில் அள்ளிய வாளியை என் முன்னால் வைத்து, "மனே, இதக் கொஞ்சம் மணந்து பாரு" என்றார். குனிய வேண்டியிருக்கவில்லை, வாளி தரையைத் தொடுமுன்பே பெற்றோல் மணம் வந்துவிட்டது. நீரின் மேல் பல நிறங்களில் ஒரு மெல்லிய படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் இரும்புப் பற்றீரியாவும் இதே மாதிரி மினுங்கும் ஆடையை உண்டாக்கும் என்பதால், ஓர் ஈர்க்கை எடுத்துப் படலத்தைக் கீறினேன். இரும்பு ஆடையாக இருந்தால் அப்பளம் நொறுங்கியது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நிற்கும். எண்ணெயாக இருந்தால் கீறிய கோடு மூடிக்கொண்டு படலம் மறுபடி ஒன்றாகும். அந்த வாளியில் கோடு மூடிக்கொண்டது.

கிணற்றிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றர் தூரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட எரிபொருள் நிலையம் ஒன்று இருந்தது. நிலத்தின் கீழ் இரண்டு இரும்புத் தாங்கிகள், ஒன்று பெற்றோலுக்கு, மற்றது டீசலுக்கு. சுற்றிலும் பதினொரு வளவுகள்; பதினொன்றிலும் கிணறுகள். காணி உரிமையாளர், பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அயலவர்கள் என்று நான்கு தரப்பினர் ஒரு மேசையில் கூடியபோது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தீர்வு இருந்தது. அந்த மேசைக்காக நான் எழுதிக் கொடுத்த ஒப்பீட்டையே, வேறு ஊர்களுக்கும் பயன்படும் வகையில், இங்கே விரித்து எழுதுகிறேன். பழைய தாங்கிகள் மட்டுமே இந்தச் சிக்கலைத் தருவதில்லை. கராச்சுகளின் பின்புறம் ஊற்றப்படும் கழிவு எண்ணெயும், படகு இயந்திரங்களுக்காகப் பீப்பாய்களில் வைக்கப்படும் எரிபொருளும், 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது வீட்டு வளவுகளில் சேமிக்கப்பட்டுச் சிந்தியவையும் இதே மணலுக்குள்தான் இறங்கியிருக்கின்றன.

முறைகளை ஒப்பிடுமுன் மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எந்த முறை இங்கே செல்லும், எது செல்லாது என்பதை மணலும் மாரியுமே தீர்மானிக்கின்றன. பெற்றோலின் அடர்த்தி நீரின் முக்கால் பங்கை ஒட்டியது. டீசலுடையது சற்றுக் கூட, 0.82 முதல் 0.85 வரை. இரண்டும் மணலுக்குள் நேராக இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன் மேல் பரந்து மிதக்கின்றன. காத்திகை, மார்கழி மழையில் நீர்மட்டம் நிலத்தின் மேற்பரப்பை நெருங்கி ஏறும்போது எண்ணெயும் கூடவே ஏறுகிறது; ஆவணி, புரட்டாதியில் நீர் இறங்கும்போது எண்ணெயும் இறங்குகிறது; ஆனால் இறங்கும் வழியெங்கும் மணல் துணிக்கைகளுக்கு இடையே ஒரு பகுதியை விட்டுவிட்டே இறங்குகிறது. இப்படிப் பல மாரிகள் கடந்த பின்னர், ஒரு மெல்லிய படலமாக இருந்திருக்க வேண்டிய எண்ணெய், ஒன்றரை இரண்டு மீற்றர் தடிப்புள்ள பட்டையாக மணலில் பூசப்பட்டுவிடுகிறது. பிரச்சினையின் இருப்பிடம் இந்தப் பட்டைதான். கிணற்றில் தெரிவது அதிலிருந்து கரைந்து வந்த சிறு பங்கு.

அந்தச் சிறு பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். பெற்றோலிலிருந்து நீரில் கரையும் நச்சுப் பொருளான பென்சீனுக்கு, குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். ஒரு லீற்றர் பெற்றோலில் எடைப்படி 1 சதவீதம் பென்சீன் இருப்பதாகக் கொண்டால், அதில் ஏறத்தாழ 7.4 கிராம் பென்சீன் உண்டு. 7,40,000 லீற்றர் நீரை அந்த எல்லைவரை கொண்டுபோக அது போதும். நான்கடி வளையம் இறக்கிய கிணற்றில் ஒன்றரை மீற்றர் நீர் நின்றால் 1,700 லீற்றர் வரும். ஆக, ஒரு சோடாப் போத்தல் பெற்றோலுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கிணறுகளின் நீர் ஈடாகிறது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். மின்நிலையச் சூழலில் எண்ணெய் கலந்து கிணறுகள் கெட்ட அந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உறுதிப்படுத்தி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. சட்ட நிலையில் அது எமக்கும் முன்னுதாரணம். நிலவியல் நிலையில் அல்ல. அங்கே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் நீர் விரைந்து, எதிர்பாராத திசைகளில் ஓடுகிறது. இங்கே மணல். நீர் மெதுவாக, ஓரளவு ஊகிக்கக்கூடிய வழியில் நகர்கிறது: நீர் கடத்துமை (மணல் நீரை விடும் திறன்) நாளுக்கு 15 மீற்றர், நீர்மட்டச் சரிவு 500 மீற்றருக்கு ஒரு மீற்றர், நுண்துளைமை (மணலில் இடைவெளியின் பங்கு) 0.3 என்று கொண்டால் நாளுக்கு 10 சென்ரிமீற்றர், ஆண்டுக்கு 36 மீற்றர். கிணறுகள் பதினைந்து மீற்றருக்கு ஒன்றாக இருக்கும் ஊரில் இந்த மெதுவான நடையும் ஆறுதல் தருவதில்லை. ஆனால் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாடு முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

இறைத்துச் சுத்திகரித்தல்

மேசையில் முதலில் எழுந்த யோசனை இதுதான், அதற்கு அதிக ஆதரவும் இருந்தது. எமது பழக்கமும் அதுவே: கிணறு கெட்டால் இறைப்போம். பூனை விழுந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் மோட்டரைப் பூட்டி இறைத்து, குளோரின் இட்டு, மூன்று நாள் கழித்துப் பாவிப்போம். கிருமிகளுக்கு அது பொருந்தும். எண்ணெய்க்குப் பொருந்தாது, குளோரின் பென்சீனை அகற்றாது, கொதிக்க வைத்தால் பென்சீன் ஆவியாகி அடுப்படியில் நிற்பவரின் சுவாசத்துக்குள் போகும், டீசலின் கனமான பகுதி பானையிலேயே தங்கும்.

ஒழுங்காகச் செய்யப்படும் இறைப்புமுறை இதைவிட நுட்பமானது. மாசடைந்த இடத்தில் தனிக் கிணறுகள் இட்டு, நீரைத் தொடர்ந்து இறைத்து, எண்ணெயைப் பிரித்து, காற்றூட்டும் கோபுரத்திலோ மாசை ஈர்த்துப் பிடிக்கும் கிளர்வுற்ற காபன் வடிகளிலோ சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும். மாசு அயல் காணிகளுக்குப் பரவாமல் தடுத்து நிறுத்துவதில் அது வல்லது. மாசை அகற்றுவதில் அது மிக மெதுவானது. மணலில் 500 கிலோகிராம் எரிபொருள் சிக்கியிருக்கிறது, இறைக்கும் நீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் கரைந்து வருகிறது, நாளுக்கு 10 கனமீற்றர் இறைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு வெளியேறுவது 200 கிராம். முழுவதும் வெளியேற 2,500 நாள், ஏறத்தாழ ஏழு ஆண்டு. அதுவும் செறிவு குறையாமல் இருந்தால் மட்டுமே. உண்மையில் முதல் மாதங்களிலேயே செறிவு விழுந்துவிடும், பிறகு கடைசிச் சிறுபகுதி பல ஆண்டுகள் இழுக்கும், மோட்டரை நிறுத்தினால் மணலில் ஒட்டியிருப்பது கரைந்து செறிவு மீண்டும் ஏறும்.

எழுவான்கரைக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், உவர்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பல கிணறுகளில் அளவுக்கு மீறிய இறைப்பு உப்பை அகற்றவில்லை. கீழிருந்து மேலும் உப்பைக் கொண்டுவந்தது. காரணம் எளியது. இங்கே நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. கைபன்–ஹெர்ஸ்பேர்க் தொடர்பின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்தில் உவர் எல்லை இருக்கும். அதே தொடர்பைத் திருப்பினால், தொடர் இறைப்பால் நீர்மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் உவர் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர்வரை மேலேறக்கூடும். எண்ணெயை எடுக்கப்போய் ஊரின் நன்னீரை உப்பாக்கிக் கொடுப்பது எவருக்கும் இலாபமல்ல. இறைத்த நீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. வாவிக்குள் விடச் சுற்றாடல் அதிகாரசபையின் நியமங்களுக்கு உட்பட வேண்டும். மீன்பிடியில் வாழும் ஊரின் ஒப்புதலும் வேண்டும், அது கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனவே இறைப்பை முழு ஊருக்குமான தீர்வாக நான் நிராகரித்தேன். ஒரு சிறு வடிவத்தில் மட்டும் வைத்துக்கொண்டேன்: கண்காணிப்புக் குழாயில் மிதக்கும் எண்ணெய் தெரிந்தால், நீரை அதிகம் இழுக்காமல் எண்ணெயை மட்டும் வழித்தெடுக்கும் பட்டி அல்லது உறிஞ்சு துணியால் அகற்றுவது. குழாயில் 20 சென்ரிமீற்றர் எண்ணெய் நின்றால் மணலிலும் அதே தடிப்பில் நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. குழாய்க்குள் எப்போதும் மிகையாகத் தெரியும்.

தோண்டி அகற்றுதல்

உரிமையாளர் விரும்பியது இதை. ஒரே தடவையில் முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதில் பாதி உண்மை உண்டு. தாங்கிகளையும் அவற்றைச் சூழ்ந்த மணலையும் அகற்றினால் ஊற்று நின்றுபோகும், மற்ற எந்த முறையும் அதைப் போல உறுதியாக ஊற்றை நிறுத்துவதில்லை. அந்தக் காணியில் 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம் என்று எடுத்தால் 288 கனமீற்றர், எங்கள் பேச்சில் ஏறத்தாழ 100 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). தோண்டியதும் மணல் உப்பிக்கொள்ளும் என்பதால், 3 கியூப் டிப்பரில் 34 நடை என்று எழுதிவிட்டு 40 நடைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இங்கேயும் மணலே நிபந்தனை போடுகிறது. தளர்ந்த மணலில் 3 மீற்றர் குழி நேர்ச்சுவராக நிற்காது. ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஒன்றரை மீற்றர் வீதம் சரிவு விட்டால் ஒவ்வொரு பக்கமும் நாலரை மீற்றர் வேண்டும். பக்கத்து வீட்டின் அத்திவாரம் அதற்குள் வந்துவிடுகிறது. இரும்புத் தகடுகள் அடித்து மறிக்கலாம், செலவு ஏறும். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்ட நீரை இறைக்க வேண்டும், அது முன்சொன்ன உப்புக் கதைக்கே கொண்டுபோகும். ஆகையால் தோண்டும் வேலைக்குக் காலம் ஒன்றே ஒன்றுதான்: நீர் ஆகக் கீழே இறங்கி நிற்கும் ஆவணி முதல் புரட்டாதி நடுப்பகுதிவரை. அப்போது எண்ணெய் பூசிய பட்டையின் பெரும்பகுதி ஈரமற்று வெளியே நிற்கும். ஐப்பசியில் தொடங்குபவர் குழிக்குள் ஒரு குளத்தைப் பெறுவார்.

அகற்றிய மணலை என்ன செய்வது என்பதில்தான் இந்த முறை இரண்டாகப் பிரிகிறது. நாட்டின் மறு கரையிலுள்ள புத்தளத்துச் சீமெந்துச் சூளைக்கு அனுப்பலாம். அது பட்டியலிடப்பட்ட கழிவாகக் கருதப்படுவதால் ஏற்றிச் செல்பவருக்கும் உரிமம் வேண்டும், நாற்பது நடை அவ்வளவு தூரம் ஓட வேண்டும். மற்றது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் களிமண் தளமுள்ள ஒரு திறந்த காணியில் தடித்த பொலித்தீன் விரித்து, மணலை ஒன்றரை மீற்றர் உயரக் குவியலாக இட்டு, துளையிட்ட குழாய்களால் காற்றூட்டி, யூரியாவும் பொஸ்பரசும் கலந்து, பற்றீரியாவைக் கொண்டே எண்ணெயை உண்ணச் செய்வது. காபன், நைதரசன், பொஸ்பரசு ஆகியவற்றை 100:10:1 என்ற விகிதத்தில் வைப்பது வழக்கம். குளிர்நாடுகளில் இதற்குச் சூடாக்க வேண்டிய நிலை வரும். எமது வெயில் அதை இலவசமாகத் தருகிறது. பெற்றோல் ஏறிய மணல் சில மாதங்களில் தெளியும், டீசலுக்குக் கூடுதல் காலம் வேண்டும். மாரி வருமுன் குவியலை இறுக மூடி, வடியும் நீரைப் பிடிக்க வரம்பு கட்டாவிட்டால் மாசை வாவியின் மறுகரைக்கு ஏற்றுமதி செய்ததாகவே முடியும். குவியலை நான் ஆதரிக்கிறேன். அதற்குக் காணி தருபவரைக் கண்டுபிடிப்பதே கடினம்.

தாங்கிகளை வெளியே எடுக்கும் வேலையை மணல் வெட்டும் ஆட்களிடம் கொடுக்கக் கூடாது. வெறுமையாகத் தோன்றும் தாங்கியே அபாயமானது. பெற்றோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் அளவில் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடப் பாரமானதால் பள்ளத்தில் தங்கும். இதே காரணத்தால், பெற்றோல் மணக்கும் கிணற்றுக்குள் சேறு அள்ளவென்று எவரையும் இறக்கக் கூடாது, அதன் வாயில் மண்ணெண்ணெய் இயந்திரத்தை வைத்து இறைக்கவும் கூடாது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நான் மேசையில் அமர்த்தினேன்.

காற்றூட்டுதல்

பெற்றோலையும் டீசலையும் உண்ணும் பற்றீரியா மணலில் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது ஒட்சிசன். ஒரு கிலோகிராம் ஐதரோகாபனை முழுமையாகச் சிதைக்க 3 கிலோகிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். முன்சொன்ன 500 கிலோகிராமுக்குக் குறைந்தது 1,500 கிலோகிராம். எமது வெப்பநிலையில் நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கும். ஆக அந்த அளவை நீர் வழியாகக் கொண்டுவர 1,87,500 கனமீற்றர் நீர் பாய வேண்டும். காற்று வழியாகக் கொண்டுவர 5,500 கனமீற்றர் காற்றே போதும். நடைமுறையில் ஊதும் காற்றில் பெரும்பகுதி பயன்படாமல் வெளியேறினாலும், இந்த இடைவெளியைக் கண்ட பின்னர் நீரைப் பாய்ச்சும் முறைகளில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

காற்றூட்டுவதில் மூன்று வகைகள் உண்டு. நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணலிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுப்பது பெற்றோலுக்கு ஏற்றது. எளிதில் ஆவியாகாத டீசலுக்கு அதனால் பயன் குறைவு. அதே மணலுக்குள் காற்றை மெதுவாக ஊதிப் பற்றீரியாவைத் தூண்டுவது டீசலுக்கும் ஏற்றது. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தி, குமிழிகள் மேலேறும் வழியில் கரைந்த பென்சீனை ஆவியாக்குவது மூன்றாவது. சீரான மணலில் அது நன்றாக வேலை செய்யும், களிப்படை குறுக்கிட்டால் காற்று பக்கவாட்டில் ஓடி எதிர்பாராத வீட்டின் தரைக்குக் கீழே போய் நிற்கும். ஆகவே மூன்றாவதை முதலாவது இல்லாமல் இயக்கக் கூடாது: ஊதுபவர் உறிஞ்சவும் வேண்டும், உறிஞ்சிய ஆவியைக் காபன் வடியினூடாக விட வேண்டும்.

குறை என்னவென்றால் ஆழம். ஆவி உறிஞ்ச நீர்மட்டத்துக்கு மேலே போதிய உலர் மணல் வேண்டும். நீர் ஒரு மீற்றர் ஆழத்துக்குள் இருக்கும் இடத்துக்கு அம்முறை ஏற்றதல்ல என்பதே அமெரிக்கச் சுற்றாடல் முகவரகத்தின் வழிகாட்டலும். குழாய் காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சும். எழுவான்கரையின் தாழ்ந்த இடங்களில் மாரியில் இதுவே நிலை. எனவே இயந்திரம் பங்குனி முதல் ஐப்பசித் தொடக்கம்வரை ஓடும், பிறகு நிற்கும். ஆண்டில் ஐந்து மாதம் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கு எவரும் பணம் தர விரும்புவதில்லை, ஆனாலும் அந்த ஏழு மாதங்களில் அது செய்யும் வேலை, ஆண்டு முழுவதும் ஓடும் நீரிறைப்பு செய்வதைவிடக் கூட என்பதே என் மதிப்பீடு. வாவிக்கரையை விட்டு மேட்டு மணலில் இருக்கும் ஊர்களில் இந்தக் குறை பாதியாகக் குறையும்.

இரசாயன ஒட்சியேற்றிகளைச் செலுத்தும் முறையைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பரிந்துரைத்தார். வேகமானது. பொற்றாசியம் பரமங்கனேற்று பென்சீனை நன்கு தாக்காது; பேர்சல்பேற்று தாக்கும், ஆனால் நீரில் சல்பேற்றை விட்டுச் செல்லும், மணலிலுள்ள உலோகங்களைக் கரையச் செய்யவும் கூடும். குடிநீர்க் கிணறுகள் பதினைந்து மீற்றரில் இருக்கும்போது அதை நான் மேலும் ஆராயவில்லை.

காத்திருந்து கண்காணித்தல்

இயற்கையான தேய்வைக் கண்காணித்தல் என்ற பெயரில் இதுவும் ஒரு முறையாக ஏற்கப்படுகிறது. சோம்பேறியின் முறை என்று மேசையில் ஒருவர் சொன்னார். ஒழுங்காகச் செய்தால் எல்லா முறைகளிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். இதற்கு ஆதாரமும் உண்டு. கலிபோர்னியாவில், கசிந்த தாங்கிகளுள்ள 271 இடங்களின் தரவை 1995 இல் பார்த்தபோது, பென்சீன் பரவல் பெரும்பாலான இடங்களில் 80 மீற்றரைத் தாண்டவில்லை. பற்றீரியா அதை ஓரங்களில் உண்டு நிறுத்திவிடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் மினசோட்டாவின் பெமிட்ஜி இருக்கிறது. 1979 ஓகஸ்ட் 20 அன்று அங்கே மசகெண்ணெய்க் குழாய் வெடித்து 10,700 பீப்பாய் வெளியேறியது. இயன்றதை அகற்றிய பின் எஞ்சியதை 1983 முதல் விஞ்ஞானிகள் அளந்துவருகிறார்கள், எண்ணெய் இன்னும் நிலத்தடியில் இருக்கிறது. பரவல் நின்றுவிடும் என்பதும் ஊற்று தலைமுறைக்கு நீடிக்கும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. கலிபோர்னியாவின் 80 மீற்றருக்குள் எமது ஊரில் எத்தனை கிணறுகள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஊற்றை அகற்றாமல் காத்திருப்பதை எவரும் பரிந்துரைக்க முடியாது.

ஊற்றை அகற்றிய பின் காத்திருப்பது வேறு. அதற்கு முதலில் ஓட்டத்தின் திசை தெரிய வேண்டும். முக்கோணமாக மூன்று குழாய்கள் இட்டு நீர்மட்டங்களை அளந்தால் திசை கிடைக்கும், ஆனால் எழுவான்கரையில் அது ஒரு பருவத்தின் திசையே. மணல் திட்டின் நடுவிலிருந்து ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் நீர் வடிகிறது. முகத்துவாரம் மணலால் மூடி வாவி ஏறி நிற்கும் நாட்களிலும், வாய் வெட்டப்பட்டு வாவி சட்டென இறங்கும் நாட்களிலும் சரிவு மாறும். கோடையில் ஒரே தடவை அளந்துவிட்டு "கிழக்கே போகிறது, மேற்கிலுள்ளவர்கள் பயப்பட வேண்டாம்" என்று எழுதிய ஓர் அறிக்கையை நான் கண்டிருக்கிறேன். மாரியில் மேற்கு வளவுக் கிணறு மணத்தது.

குழாய்களை இடுவதிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. நீர்க் குழாய்க்கிணறு அடித்துப் பழகியவர்கள் துளையுள்ள பகுதியை ஆழத்தில் வைப்பார்கள். எண்ணெய் மிதப்பது மேலே. துளைப்பகுதி மாரி நீர்மட்டத்துக்கு மேலிருந்து கோடை நீர்மட்டத்துக்குக் கீழ்வரை இருக்காவிட்டால், எண்ணெயின் நடுவிலேயே நின்றுகொண்டு சுத்தமான நீரை எடுத்துக் காட்டும். மாதிரி எடுப்பதும் அப்படியே: வாளியில் அள்ளி மினரல் வோட்டர் போத்தலில் நிரப்பி மறுநாள் கொடுத்தால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும். 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளில், சிறிதளவு ஐதரோக்குளோரிக் அமிலம் இட்டு, ஒரு காற்றுக் குமிழியும் இல்லாமல் நிரப்பி, கவிழ்த்துப் பார்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். 14 நாட்களுக்குள் சோதனை முடிய வேண்டும். நான் முதன்முதலாக நிரப்பிய ஆறு குப்பிகளில் நான்கில் குமிழி இருந்தது.

எதை அளப்பது என்பதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. குடிநீருக்கான எண்ணெய், கிறீஸ் எல்லை இலங்கைத் தரநியமத்தில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அந்தச் சோதனையில் தேறினாலே பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். பென்சீன் எல்லை அதன் இருபதில் ஒரு பங்கு, மேலும் அந்தச் சோதனையின் செய்முறையில் இலகு ஆவிகள் தப்பிவிடும். பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் நான்கையும் தனியாகக் கேட்க வேண்டும். 2002 இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்படுமுன் இயங்கிய தாங்கியாக இருந்தால் ஈயத்தையும் சேர்க்க வேண்டும். கரைந்த ஒட்சிசன், நைத்திரேற்று, சல்பேற்று, கரைந்த இரும்பு ஆகியவற்றின் போக்கு, பற்றீரியா உண்கின்றனவா என்பதைச் சொல்லும். கடலுக்கு அருகில் சல்பேற்று தாராளம். ஒட்சிசன் தீர்ந்ததும் பற்றீரியா அதை எடுத்துக்கொள்ளும், கூழ்முட்டை மணம் வரும். அயலவர்கள் முறையிட வருவார்கள். அந்த மணத்தைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி என்று விளக்குவது இலகுவான வேலை அல்ல.

இயங்கிக்கொண்டிருக்கும் நிலையங்களுக்கும் ஒரு சொல். தினமும் கோலிட்டு அளந்து பதியும் கணக்குப் புத்தகம் இருக்கிறது, கசிந்தால் தெரியும் என்பார்கள். அமெரிக்க விதியில் அந்தக் கணக்குக்கு அனுமதிக்கப்பட்ட மாதாந்த வேறுபாடு, விற்பனையின் 1 சதவீதமும் அதற்கு மேல் 130 கலனும், அதாவது 490 லீற்றர். கோலும் வெப்பமும் அவ்வளவு பிழை தரும் என்பதாலேயே அந்தச் சலுகை. மாதம் நானூறு லீற்றர் கசியும் தாங்கி, புத்தகத்தில் ஒழுங்காக இருக்கும்.

மேசையில் வைத்த வரிசை

நான்கு முறைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி கேட்டார்கள்; நான் கொடுத்தது ஒரு நாட்காட்டி. முதல் வாரத்தில் பதினொரு வீடுகளுக்கும் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் இணைப்பு, அது கிடைக்கும்வரை பவுசர். குடிப்பதற்கு மட்டுமல்ல, குளிப்பதற்கும்; வெந்நீரில் குளிப்பவர் பென்சீனைச் சுவாசிக்கிறார். அதே வாரத்தில் அந்தக் கிணறுகளின் மோட்டர்களை நிறுத்துவது, ஏனெனில் ஒவ்வொரு மோட்டரும் மாசைத் தன் பக்கம் இழுக்கிறது. அடுத்து ஆறு கண்காணிப்புக் குழாய்கள். ஆவணியில் தாங்கிகளும் சூழ்ந்த மணலும் வெளியே, மணல் குவியலுக்கு. வீட்டுச் சுவர்களை ஒட்டி, தோண்ட முடியாமல் எஞ்சும் பட்டைக்கு, மாரி கழிந்து பங்குனியில் உறிஞ்சலும் ஊதலும், இரண்டு கோடைகளுக்கு. அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி, தொடர்ச்சியாக இரண்டு மாரிகளின் உச்சத்திலும் இரண்டு கோடைகளின் அடியிலும் பென்சீன் எல்லைக்குள் இருக்கும்வரை.

உரிமையாளருக்கு இது நீளமாகப் பட்டது. தோண்டுவதோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் காலத்திடம் விடலாம் என்றார்; பணத்தைப் பொறுத்தவரை அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ஊற்றின் பெரும்பகுதி போன பின்னர் காற்றூட்டினால் பத்து ஆண்டு வேலை மூன்றாகலாம் என்பதே என் எதிர்வாதம், அதையும் நான் மதிப்பீடாகவே சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டது: தோண்டிய குழியின் சுவர்களில் எடுக்கும் மண் மாதிரிகள் முடிவைச் சொல்லட்டும், வீடுகளின் பக்கச் சுவரில் எரிபொருள் எஞ்சியிருந்தால் இயந்திரம் வரும், இல்லாவிட்டால் குழாய்கள் மட்டும். மாதிரிச் செலவை நான்கு ஆண்டுகளுக்கும் முன்கூட்டியே பிரதேச சபையிடம் வைப்பிலிட வேண்டும் என்று அயலவர்கள் ஒரு வரி சேர்த்தார்கள், நான் எழுதாமல் விட்ட வரி அது.

அந்த அம்மாவின் கிணற்றை மண்ணிட்டு மூடிவிடலாமா என்று அவருடைய மகன் கேட்டார். மூட வேண்டாம் என்று சொன்னோம். மோட்டரைக் கழற்றி, வாயைப் பலகையால் அடைத்து, குப்பி இறக்கும் அளவுக்கு ஒரு துளையும் பூட்டும் வைத்திருக்கிறோம். ஊற்றிலிருந்து 40 மீற்றரில், வாவிப் பக்கத்தில், மாரியில் முதலில் மாறும் நீர் அந்தக் கிணற்றினுடையதாகவே இருக்கும்.